உழுவைக்கு ஓர் அடையாளப் படம்

மீன்களை எண்ணாமல் நான் காலைத் தேநீரைத் தொடுவதில்லை. எங்கள் நாவற்குடா வீட்டின் முன்னறையில் நாலடி நீளத்தில் ஒரு கடல்மீன் தொட்டி இருக்கிறது. அதில் ஒன்பது மீன்கள், எல்லாம் விரல் நீளத்துக்கு உட்பட்டவை. ஒன்பதும் கண்ணில் படும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. எட்டுத்தான் தெரிகிறது என்றால் உடனே யாரையாவது சந்தேகப்படத் தொடங்கிவிடுவேன். பூனை, தொட்டிக்குள் கிடக்கும் துறவி நண்டு, தொட்டிக்குப் பக்கத்தில் சாம்பிராணி காட்டும் என் மனைவி, எல்லோரும் ஒரு தடவையாவது என் விசாரணைக்கு உள்ளானவர்கள்தான். பெரும்பாலும் அந்த ஒன்பதாவது மீன் ஒன்றும் நடக்காததுபோலக் கல்லுக்குப் பின்னாலிருந்து வெளியே வரும். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டது கிடையாது.

தொழிலால் வந்த குணம் என்று சொல்லிக்கொள்வேன். முப்பது வருடத்துக்கு மேல் மட்டக்களப்பு நகரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். கலியாண வீடுகளுக்கும் போனேன் என்றாலும் எங்களுக்குச் சோறு போட்டது அடையாள அட்டைப் படமும் பாஸ்போர்ட் படமும்தான். அட்டை இல்லாமல் ஒழுங்கை முனைக்குப் போகவே ஆட்கள் பயந்த காலம் ஒன்று இங்கே இருந்தது. அப்போது என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்த முகங்களை இன்றைக்குச் சந்தையில் கண்டாலும் சொல்லிவிடுவேன். தம்பியின் படத்தைத் தன்னுடையது என்று அண்ணன் கொண்டுவந்து நீட்டினால் காதைப் பார்த்தே பிடித்துவிடுவேன். ஓர் ஆளுக்கு ஒரு படம். நேராகப் பார்த்து, இரண்டு காதும் தெரிய, சிரிக்காமல். அந்த ஒரு படம் இருந்தால் ஆளை அடையாளம் காண வேறொன்றும் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

தொட்டியைச் செய்து தந்தவர் ஓட்டமாவடிக்காரர், முஸ்லிம், அக்கம்பக்கத்தார் காக்கா என்று கூப்பிடுகிறவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். கத்தாரில் பணக்கார வீடுகளின் மீன்தொட்டிகளைக் கழுவிப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். ஒருமுறை லீவில் வந்தபோது பாஸ்போர்ட் படம் எடுக்க என்னிடம் வந்தார். படம் காயும்வரை தன் கைபேசியில் இருந்த மீன்களைக் காட்டினார். படங்கள் மோசம், மீன்கள் அழகு. அதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, மீனை நான் பார்த்துக்கொள்கிறேன், படத்தை நீங்கள் பாருங்கள் என்றார். அந்தப் பாஸ்போர்ட்டில் அவர் எங்கும் போகவில்லை. ஓட்டமாவடியிலேயே கண்ணாடி, அலுமினியம் வேலைக்குக் கடை போட்டார். நான் ஸ்டூடியோவை மூடிய வருடம் கண்ணாடி வெட்டி, ஒட்டி, என் முன்னறையில் தொட்டியை நிறுத்தினார்.

பவளம் எதையும் நாங்கள் கடலில் உடைக்கவில்லை. அதற்குச் சட்டமும் விடாது. இடித்த ஒரு பழைய மதிலின் முருகைக்கற்களை மாதக்கணக்கில் ஊறவைத்துக் கழுவி அடுக்கினோம். அவற்றில் காளான்போல ஒட்டி வளரும் மென்பவளம் கொழும்பில் ஒருவர் தொட்டியிலேயே வளர்த்துக் கொடுத்தது. தண்ணீர் மட்டும் கல்குடாக் கடலில் பிடித்தது. எங்கள் வீட்டிலிருந்தும் கடல் கிட்டத்தான், ஆனால் மாரியில் முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் கலந்து உப்புக் குறைந்துவிடும். அதனால் அவர் கான்களில் நிரப்பி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக் கொண்டுவருவார். நாலு வருடம் இப்படி வந்தார். வந்தால் தேநீர் குடிப்பார். தொட்டியின் முன்னால் இரண்டு கதிரையைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருப்போம். ஸ்டூடியோவை மூடியபிறகு எனக்கு இருந்த ஒரே சிநேகிதர் அவர்தான்.

ஒன்பதில் என் செல்லம் உழுவை. மணல்நிறத்தில் சாய்ந்த கபிலப் பட்டிகள் போட்ட சின்னஞ்சிறு மீன். அது தனியாக இருப்பதில்லை. ஓர் இறாலோடு ஒரே பொந்தில் குடியிருக்கிறது. விரல் சொடுக்குவதுபோலச் சத்தம் போடுவதால் அதை நாங்கள் சொடுக்கு இறால் என்போம். இறாலுக்குப் பார்வை மட்டு. அது நாள் முழுக்க மணலை வாரிக் கொட்டிப் பொந்தைத் திருத்திக்கொண்டிருக்கும். உழுவை வாசலில் காவல் நிற்கும். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் மீசையொன்றை உழுவையின் மேல் வைத்தபடியே வரும். ஆபத்து என்றால் உழுவை வாலை ஒருதடவை உதறும், இரண்டும் உள்ளே போய்விடும். அந்த இறாலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். என்னால் அப்படி யாரையும் நம்பிப் போக முடியாது.

மீனைப் படம் எடுப்பது மனிதரை எடுப்பதுபோல அல்ல. நேராக நின்று பார்த்தால் மீன் ஒரு கோடு. அதற்குப் பக்கம்தான் முகம். ஒரு மணித்தியாலம் முன்னதாகவே பம்பை நிறுத்தித் தூசு அடங்க விடுவேன். கண்ணாடியில் பிடித்த பாசியைப் பழைய அட்டையால் சுரண்டுவேன். யன்னல் சீலைகளை இழுத்துவிட்டு, ஸ்டூடியோவில் இருந்த கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். இல்லாவிட்டால் படத்தில் மீனுக்கு மேல் என் வயிறு தெரியும். கமராவைக் கண்ணாடிக்குக் குறுக்கே சாய்க்கக் கூடாது, நேராகப் பிடிக்க வேண்டும். இப்படி ஒன்பது மீனுக்கும் ஒவ்வொரு படம் எடுத்துத் தொட்டிக்குக் கீழே உள்ள அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தேன். உழுவையின் படத்துக்குக் கீழே அடையாளமும் எழுதினேன்: மூன்றாவது பட்டி வயிற்றருகில் கவைபோலப் பிரியும், கன்னத்து நீலப்புள்ளி வரிசையில் கண்ணுக்குக் கீழ் ஒன்று இல்லை. மீனுக்கும் அட்டை கொடுத்தாச்சா, வோட்டுப் போடவும் விடுவீங்களா என்று மனைவி கேட்டாள்.

போன மாரியில் என் வலது கண்ணில் வெண்படலம் முற்றிவிட்டது. கமராவில் வைக்கும் கண். கொழும்பில் மகள் வீட்டில் மூன்று கிழமை தங்கிச் சத்திரசிகிச்சை செய்வதென்று முடிவானது. மனைவியும் என்னோடு வந்தாள். வீட்டுத் திறப்பை ஓட்டமாவடிக்காரரிடம் கொடுத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து தீன் போட்டுத் தொட்டியைப் பார்ப்பதாக ஏற்பாடு. கொடுக்கும்போதே படுக்கையறையையும் கமரா அலுமாரியையும் பூட்டி அந்தத் திறப்புகளை என் பையில் போட்டுக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார்.

கொழும்பில் ஒற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்த எனக்கு அவர் கைபேசியில் தவறாமல் கோல் எடுத்தார். ஒருநாள், இங்கே சரியான மழை, கரண்ட் கொஞ்சம் போய் வந்தது, பயமில்லை என்றார். இன்னொரு நாள், கல் ஒன்று சரிந்துவிட்டது, இறால் பழைய வாசலை மூடிவிட்டு அங்கால் பக்கம் புதிசு திறந்திருக்கிறது என்றார். கேட்டுவிட்டு வைத்தேன். கேட்காமலே இவ்வளவு விபரம் ஏன் சொல்கிறார் என்று அன்றிரவே ஒரு நினைப்பு வந்தது. அவர் சொன்ன விபரத்தை மறந்துவிட்டேன். அந்த நினைப்பை மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் போய் எண்ணினேன். ஒன்பது. ஆனால் ஏதோ சரியில்லை. புதுக் கண்ணுக்கு நீலம் எல்லாம் கூடுதலாகத் தெரியும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார், அதுவல்ல. வலைக்கரண்டி வேறு ஆணியில் தொங்கியது. தரையில் உப்புத்தண்ணீர் காய்ந்த வெள்ளைக் கறை இருந்தது. துணியால் நல்லாத் துடைத்தும் போகாத கறை. தீன் போத்தல் நான் கணக்குப் பார்த்ததைவிடக் கூட நிறைந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலியருகில் நின்று, நீங்கள் இல்லாத நேரம் அந்தக் காக்கா ஒருநாள் மழையில் இரண்டு தரம் வந்தவர், வாளியைத் துணியால் மூடிக் கட்டிக்கொண்டு வந்தவர் என்று சொன்னாள். மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது.

மறுநாள் கறுப்புத் துணிக்குப் பின்னால் போய் உழுவையைப் படம் எடுத்தேன். கணினியில் பெரிதாக்கினேன். மூன்றாவது பட்டி கவை இல்லாமல் நேராக இறங்கியது. கன்னத்துப் புள்ளிகளில் ஒன்றும் குறையவில்லை. அலுமாரிக் கதவைத் திறந்து பழைய படத்தோடு வைத்துப் பார்த்தேன். இது வேறு மீன்.

இரண்டு படத்தையும் மனைவியிடம் காட்டினேன். கண்ணைத்தானே மாத்தினவங்க, மீனை இல்லையே என்று மனைவி சொன்னாள். கமராவுக்கு யாரும் சத்திரசிகிச்சை செய்யவில்லை என்று நான் சொன்னேன். எல்லாம் ஒழுங்காகப் பொருந்தி வந்தது. என் உழுவை செத்துப்போயிருக்கிறது. அவர் கல்குடாவில் மீன் பிடிக்கிறவர்களிடம் அதே சாதியில் இன்னொன்றை வாங்கி, மூடிய வாளியில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். நான் கண்டுபிடிக்க மாட்டேன் என்று நினைத்திருக்கிறார். செத்ததற்கு நான் கோபப்படவில்லை, மீன் சாகும். என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியும் என்று அவர் நினைத்ததுதான் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் சுகம் விசாரிக்க வந்தார். ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுவந்தார். கண்ணைப் பற்றிக் கேட்டார். நான் கதிரையைக் காட்டவில்லை. இரண்டு படத்தையும் அவர் கையில் கொடுத்தேன்.

"இது ஆர்ர மீன்?"

"உங்கட மீன்தான் அண்ணன்."

அவர் படங்களைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். குனிந்து தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் போய் அங்கிருந்தும் பார்த்தார். நடிக்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து, முகம் வெளித்து, ஏதோ சொல்ல வந்தார். நான் விடவில்லை. மூடிய வாளிக்குள் என்ன இருந்தது, ஒரே நாளில் இரண்டு தரம் ஏன் வரவேண்டும், தரையை யார் துடைத்தது என்று அடுக்கிக்கொண்டே போனேன். கடைசியில் அதையும் சொன்னேன்.

"உங்கட ஆக்கள நம்பினா இப்படித்தான்."

குசினியில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றது. அந்தச் சொல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தேட வேண்டியிருக்கவில்லை. இந்தக் கரையில் தமிழர், முஸ்லிம் என்று இரண்டு பக்கத்து ஆட்களின் வாயிலும் அது எப்போதும் தயாராக இருக்கிறது. நாங்கள் நாலு வருடம் ஒரே தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. சந்தேகம் மட்டும் என் தொழிலால் வந்தது. இது அப்படி வந்ததல்ல.

அவர் இரண்டு படத்தையும் என் கையில் திருப்பித் தந்தார். சட்டைப் பையிலிருந்து வீட்டுத் திறப்பை எடுத்துத் தொட்டி மூடியின் மேல் வைத்தார். "போட்டு வாறன் அண்ணன்," என்று எப்போதும் சொல்வதுபோலவே சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மதியம் மனைவி அந்தத் தயிரை என் தட்டில் ஊற்றினாள். தான் தொடவில்லை.

இரண்டு மாதம் போனது. அவர் கோல் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தண்ணீர் பிடிக்க வேறு ஆளைப் பார்த்தேன், அந்தத் தண்ணீரில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பழைய உழுவையின் படத்தைக் கதவிலிருந்து கழற்றி உறையில் போட்டு வைத்தேன். புதியதற்கு அட்டை கொடுக்கவில்லை. அது வாசலில் நின்று என்னைப் பார்க்கும். மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டதும் பழையது செய்வதுபோலவே ஓர் அங்குலம் முன்னே வந்து நிற்கும். எல்லா உழுவையும் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். முன்னறையில் இரண்டாவது கதிரையைக் கண்டால் எரிச்சல் வந்தது. அதை விறாந்தைக்குத் தூக்கிப் போட்டேன். பிறகு அது இல்லாத இடத்தைப் பார்த்தும் எரிச்சல் வந்தது.

ஒரு காலை எட்டுத்தான் எண்ணினேன். உழுவை இல்லை, பொந்தின் வாசலும் மூடிக் கிடந்தது. கல்லுக்கடியில் இறால் சொடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று நாள் அப்படியே இருந்தது. நாலாம் நாள் கல்லின் மற்றப் பக்கத்தில், முன்பு பழைய வாசல் இருந்த இடத்தில், மணல் கொட்டிக் கிடந்தது. அதன் நடுவில் உழுவை தலையை நீட்டிக்கொண்டு நின்றது. வால் பொந்துக்குள், தலை வலப்பக்கம். மூன்றாவது பட்டி கவைபோலப் பிரிந்திருந்தது. கண்ணுக்குக் கீழ் ஒரு புள்ளி இல்லை.

வெட்கத்தோடு எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு, அவர் களவாக வந்து பழைய மீனைத் திரும்ப விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்பதுதான். திறப்பு என்னிடம் இருக்கிறதே, எப்படி உள்ளே வந்தார் என்றுகூட யோசித்தேன். யன்னல் கொளுக்கியைப் போய்ப் பார்த்தேன்.

திரும்பி வந்து, அவர் அன்றைக்குச் செய்ததுபோலக் குனிந்து, பக்கவாட்டுக் கண்ணாடியால் பார்த்தேன். அங்கிருந்து அரைகுறையாக உழுவையின் மற்றப் பக்கம் தெரிந்தது. அங்கே பட்டி நேராக இறங்கியது. இரண்டு வருடமாகப் பொந்து வலப்பக்கம் திறந்திருந்தது. அதனால் உழுவையின் வலது பக்கத்தை மட்டுமே நான் எடுத்திருக்கிறேன். வாசல் மாறியபோது அது இடப்பக்கத்தைக் காட்டியது. ஓர் ஆளுக்கு ஒரு படம் போதும் என்று முப்பது வருடம் நேர்முகங்களை எடுத்தவனுக்கு, ஓர் உடம்புக்கு இரண்டு பக்கம் இருக்கும், இரண்டும் ஒன்றுபோல இருக்காது என்று யோசிக்கத் தேவையே வந்ததில்லை. வாசல் மாறிவிட்டது என்று அவர் கொழும்புக்குக் கோல் எடுத்துச் சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கறுப்புத் துணியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

படம் எடுத்து, மூன்று படங்களையும் மேசையில் வைத்து மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கனநேரம் பார்க்கவில்லை.

"எப்ப போறீங்க?" என்றாள்.

அன்றைக்கே பொலன்னறுவை பஸ் ஏறினேன். சட்டைப் பையில் படங்களும் வீட்டுத் திறப்பும் இருந்தன. ஓட்டமாவடியில் இறங்கிக் கடைக்குப் போனபோது அவர் ஒரு யன்னல் கண்ணாடியை மேசையில் படுக்கவைத்துக் கோடு கீறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க அண்ணன்," என்று சொல்லி ஸ்டூலைத் தள்ளிவிட்டார். கோட்டைக் கீறி முடித்துக் கண்ணாடியைத் தட்டி உடைத்துவிட்டு வந்தார். நான் படங்களை நீட்டினேன். தவறு என்னுடையது என்று சொன்னேன். மீனைப் பற்றிச் சொன்னதும், ஆட்களைப் பற்றிச் சொன்னதும், இரண்டும் தவறு என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனங்களில் அது மட்டும்தான் வாயில் வந்தது.

அவர் படங்களை ஒரு பார்வை பார்த்தார். "மற்றப் பக்கம். எனக்கு அண்டைக்கே விளங்கிட்டு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அண்டைக்கு நீங்க மீனைப் பத்தியா கேட்டீங்க?"

அவர் குரலை உயர்த்தவில்லை. என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடையின் உட்பக்கம் பார்த்தேன். அங்கே அவருடைய சொந்தத் தொட்டி இருக்கும், என்னுடையதைவிடப் பெரிது, கத்தாரிலிருந்து வந்த காலத்திலிருந்து வளர்த்த மீன்கள். தொட்டி இருந்தது. தண்ணீர் இல்லை. உள்ளே சிலிக்கன் குழாய்களும் அலுமினியத் துண்டுகளும் போட்டு வைத்திருந்தார். மீன்கள் எங்கே என்று கேட்டேன்.

அந்த மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லையாம். பம்பு நின்றால் மீன் மூச்சு முட்டிச் சாகும். பற்றரியில் ஓடும் பம்பு அவரிடம் ஒன்றுதான் இருந்தது. மழையில் நனையாமல் அதை வாளிக்குள் வைத்து, துணியால் மூடிக் கட்டி, என் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். பின்னேரம் பற்றரி இறங்கிவிட்டதால் இன்னொரு பற்றரியோடு திரும்பவும் வந்திருக்கிறார். சரிந்த கல்லை நிமிர்த்தும்போது சிந்திய தண்ணீரைத்தான் துடைத்திருக்கிறார். தண்ணீர் கெடாமல் இருக்கத் தீனைக் குறைத்திருக்கிறார். இதையெல்லாம் நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

உங்கள் தொட்டிக்கு வைத்திருக்கலாமே என்றேன். அது ஒரு கேள்வியா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"என்ட மீன் என்ட. உங்கட மீன் அமானிதம்."

நம்பி ஒப்படைத்த பொருளுக்கு அவர்கள் சொல்லும் சொல் அது. ஸ்டூடியோவுக்கு வந்துபோன அவருடைய ஊர்க்காரர் பலர் வாயிலும் கேட்டிருக்கிறேன். என் கண் கலங்கியது, புதுக் கண்ணும் பழைய கண்ணும். நான் பையிலிருந்து வீட்டுத் திறப்பை எடுத்து, வெட்டிய கண்ணாடியின் மேல் வைத்தேன். முன்னறையில் கதிரையைத் திரும்பப் போட்டிருப்பதாகச் சொன்னேன்.

அவர் அதை எடுத்து, ஒட்டியிருந்த கண்ணாடித் தூளைச் சாரத்தில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார்.

"உழுவையப் பாக்க வாறன் அண்ணன். நீங்க வீட்டில இருக்கக்குள்ள வாறன்."

தேநீர் சொல்லியிருந்தார். குடித்துவிட்டு, திறப்போடு பஸ்ஸுக்கு வந்தேன்.